ஜீப் சக்கரத்தில் எண்ணெய்க் கசிவு… சீல் மாற்றியும் நிற்கவில்லையா?

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஜீப்பின் பாரமெல்லாம் இன்ஜின் மேல். இறங்கும்போது அத்தனையும் பிரேக் மேல். மெட்டைத் தாண்டி கேரளப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தேனி மாவட்ட விவசாயிகள் பலருக்கு இதுதான் அன்றாடப் பாதை. தார்ச்சாலை முடிந்த பிறகு தோட்டத்துக்குள் போகும் வழி கல்லும் சேறும்தான். உர மூட்டை, பச்சைக்காய், டிராயர் அடுப்புக்கு விறகு என எல்லாமே அந்த வழியில்தான் போக வேண்டும். ஜீப் நின்றுபோனால் தலைச்சுமைதான் கதி. அதனால்தான் முப்பது வருடத்துப் பழைய ஜீப்புக்கும் இந்தப் பக்கத்தில் இன்னும் மவுசு குறையவில்லை.

அந்த ஜீப்புகளில் கம்பெனியில் இருந்து வந்தபடியே இருப்பவை குறைவு. சேற்றில் சிக்காமல் இருக்கப் பெரிய டயர், பாறை இடிக்காமல் இருக்கக் கூடுதல் பட்டை போட்டு உயர்த்திய ஸ்பிரிங், சக்கரத்தை வெளியே தள்ளும் அகல ரிம் என்று ஆளுக்கொரு மாற்றம். மழைக்காலம் தொடங்கியதும் அடிவாரப் பட்டறைகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“தம்பி, போன மாசம்தானே சீல் மாத்துனோம்… மறுபடி டயர் பூரா எண்ணெய்!”

“பெரிய டயர் போட்ட வண்டின்னா அப்படித்தாண்ணே இருக்கும். இன்னொரு சீல் போட்டு விடுறேன்.”

வண்டிக்காரரின் காசு வீணாவது இந்தப் பதிலில்தான். ஆயில் சீல் சில நூறு ரூபாய்ச் சாமான். அதைத் திரும்பத் திரும்ப மாற்றுவதால் வரும் நஷ்டம்கூடப் பெரிதில்லை. அங்கே கசியும் எண்ணெய் நேராகப் போய்ச் சேரும் இடம் பிரேக் டிரம். ஒரு பக்க லைனரில் எண்ணெய் ஊறினால் அந்தச் சக்கரம் பிடிக்காது. மற்றப் பக்கம் மட்டும் பிடிக்கும். சமதளத்தில் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுப்பதோடு போய்விடும். மழையில், ஆட்களை ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

முதலில் அது என்ன எண்ணெய்?

டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தாலே ‘ஆக்சில் சீல் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த இடத்தில் மூன்று வேறு திரவங்கள் வெளிவரலாம். ஒன்று, ஹவுசிங்குக்குள் இருக்கும் கியர் ஆயில். இரண்டாவது, பிரேக் வீல் சிலிண்டரில் இருந்து வரும் பிரேக் ஆயில். மூன்றாவது, சூட்டில் உருகி ஓடும் பேரிங் கிரீஸ்.

கியர் ஆயில் கெட்டியாக, பிசுபிசுப்பாக இருக்கும். அதில் கந்தக வாடை அடிக்கும். ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிரேக் ஆயில் தண்ணீர் போல இளகலாக இருக்கும். பட்ட இடத்தில் பெயின்டை உரிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, கசியும் திரவத்தில் நாலு சொட்டு விட்டுக் கலக்குங்கள். வழக்கமாக ஜீப்புகளில் ஊற்றும் டாட்-3, டாட்-4 பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். கியர் ஆயில் கலக்காமல் மேலே மிதக்கும். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வீல் சிலிண்டர் கசிவுக்கு ஆக்சிலைக் கழற்றிப் போட்டு இரண்டு நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

மூச்சு அடைத்தால் வாய் வழியே வரும்

கியர் ஆயில்தான் என்று உறுதியானால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஹவுசிங்கின் மேல்பக்கம் பாருங்கள். சுண்டுவிரல் அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதுதான் பிரீதர், அதாவது மூச்சுக்குழாய். பல ஜீப்புகளில் அது இருப்பதே தெரியாத அளவுக்குச் செம்மண் அப்பிக் கிடக்கும். சிலவற்றில் உடைந்துபோன இடத்தில் போல்ட் போட்டு மூடியே வைத்திருப்பார்கள்.

வண்டி ஓடும்போது கிரவுன் பல் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து சூடாக்குகின்றன. உள்ளே இருக்கும் காற்றும் சூடாகும். 30 டிகிரியில் இருந்த காற்று 80 டிகிரிக்குப் போனால், வெளியேற வழி இல்லாத இடத்தில் அதன் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடும். பிரீதர் திறந்திருந்தால் அந்தக் காற்று சத்தமில்லாமல் வெளியே போய்விடும். அடைத்திருந்தால், இருப்பதிலேயே பலவீனமான வாசல் வழியாக எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வரும். அந்த வாசல்தான் சீல். புது சீல் போட்டாலும் அடுத்த வாரமே கசிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இதற்கு நேர் எதிரான இன்னொன்றும் நடக்கும். மேடேறிச் சூடான வண்டியை அப்படியே ஓடைத் தண்ணீரில் இறக்கினால், ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து உள்காற்று சுருங்கும். அப்போது பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பிரீதர் நன்றாக இருந்து அது தண்ணீருக்குள் மூழ்கினாலும் இதே கதைதான். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணெயை ஒரு நாள்கூட வைத்து ஓட்டக் கூடாது. பேரிங்குகளும் பல் சக்கரங்களும் துருப்பிடித்துவிடும்.

தீர்வு எளிது. பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டுங்கள். ஓடை கடக்கும் வண்டியாக இருந்தால், அந்த மூடிக்குப் பதில் குழாய் மாட்டும் முனையைப் போட்டு, எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸை சேசிஸ் வழியாகப் பாடியின் உயரம் வரை கொண்டுபோய், அதன் வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிவிடலாம். ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது ஹோஸ் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட வேண்டும். ஜீப்பில் செய்யும் மாற்றங்களில் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான். பெரிய டயருக்குச் செலவழிப்பவர்கள் இதற்கு முழம் ஹோஸ் வாங்குவதில்லை.

கையோடு எண்ணெய் அளவையும் பார்த்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் ஓட்டையின் மூடியைக் கழற்றினால், எண்ணெய் ஓட்டையின் கீழ்விளிம்பு வரை இருக்க வேண்டும். ‘கூட ஊற்றினால் நல்லது’ என்று வண்டியைச் சரிவில் நிறுத்தி அதிகமாக நிரப்பினால், அது ஆக்சில் குழாய் வழியாகச் சக்கரத்துக்குத்தான் ஓடும்.

வெளியே ஒரு சீல், உள்ளே ஒரு சீல்

பிரீதரும் அளவும் சரியாக இருந்து, கசிவு நிற்கவில்லை என்றால்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பழைய மாடல் ஜீப்புகள் பலவற்றில் பின் ஆக்சில் ராடே வண்டியின் எடையையும் தாங்குகிறது. ராடின் முனை கூம்பாகக் கடைந்திருக்கும். அதில் சாவிக்கட்டை வைத்து ஹப்பை ஏற்றி நட்டால் இறுக்கியிருப்பார்கள். அதற்கு உள்ளே கிரீஸ் அடைத்த டேப்பர் பேரிங். பேரிங்குக்கு உள்பக்கம் ஒரு சீல், வெளிப்பக்கம் ஒரு சீல்.

உள்சீலின் வேலை, ஹவுசிங் எண்ணெய் பேரிங்குக்கு வராமல் தடுப்பது. வெளிச்சீலின் வேலை, பேரிங் கிரீஸை டிரம்முக்கு விடாமல் பிடிப்பது. உள்சீல் போய்விட்டால் கியர் ஆயில் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிக்கொண்டு, வெளிச்சீலையும் தாண்டி வரும். பார்ப்பவர் கண்ணுக்கு வெளிச்சீல்தான் தெரியும். அதை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள். சில நாள் தாங்கும். திரும்பவும் அதே கதை. வெளியே வந்திருப்பது கியர் ஆயில் என்றால் உள்சீலை மாற்றாமல் அந்த வேலை முடியாது. பேரிங்கையும் கழுவிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும்.

கழற்றும்போது நடக்கும் தப்பும் ஒன்று உண்டு. கூம்பு முனையில் இறுகிய ஹப் லேசில் வராது. உடனே ராட் முனையில் சம்மட்டி அடி விழும். அந்த அடி ராட் வழியாக நடுவில் இருக்கும் கட்டைக்கும், மறுபக்க ராடுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரும். இடப்பக்கச் சீல் மாற்றப் போய் வலப்பக்கம் சத்தம் வருவது இப்படித்தான். ஹப் புல்லர் போட்டு இழுப்பதே முறை. புல்லர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிரேக் தட்டைக் கழற்றும்போது அதற்குப் பின்னால் மெல்லிய தகடுகள் வரும். அவைதான் ஷிம். காகிதம் போலிருக்கும் இவற்றை எடுத்து மூலையில் போட்டுவிட்டு, மாட்டும்போது கைக்குக் கிடைத்ததைப் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். பேரிங் ஆட்டத்தைத் தீர்மானிப்பதே இந்தத் தகடுகள்தான். தகடைக் குறைத்தால் பேரிங் இறுகும். கூட்டினால் ஆட்டம் கூடும். எந்தப் பக்கத்துத் தகடு எது என்று கட்டித் தனியே வைக்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு ராடின் உள்வெளி ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளந்து, அந்த மாடலுக்கான கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். கடைசியில் நட்டை இறுக்கும்போது பின் போடும் ஓட்டை நேராக வரவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கினால் ஹப் கூம்பில் ஆடி, சாவிக்கட்டையை அறுத்துவிடும்.

நகத்தால் ஒரு சோதனை

சீல் என்பது ராடைச் சுற்றிக் கவ்வும் ஒரு ரப்பர் உதடு. அதன் முதுகில் வளையமாக ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் இருக்கும். உதடு உட்காரும் இடத்தில் ராட் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். வருடக்கணக்கில் ஓடிய ராடில், சேறும் உதடும் சேர்ந்து வளையம் போல ஒரு பள்ளம் அறுத்திருக்கும். ரப்பர் இரும்பை அறுக்குமா என்று கேட்கலாம். ரப்பரில் ஒட்டிய மணல் அறுக்கும்.

ராடைத் துடைத்துவிட்டு, சீல் உட்காரும் இடத்தில் விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால், எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. பள்ளம் லேசாக இருந்தால், ஹவுசிங்கில் இடம் இருக்கும்பட்சத்தில் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் தள்ளி உட்கார வைத்து, உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். ஆழமாக இருந்தால், ராடின் மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ராடையே மாற்ற வேண்டும். வெல்டிங் பூசிக் கடைந்து தருவதாகச் சில லேத் பட்டறைகளில் சொல்வார்கள். எடை தாங்கும் ராடில் வெல்டிங் சூடு ஏறினால் அந்த இடம் முறிவுக்கு வழி வைக்கும். அது வேண்டாம்.

சீல் வாங்கும்போது பழைய சீலை எடுத்துச் செல்லுங்கள். அதன் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். ‘கிட்டத்தட்ட இதே சைஸ்’ என்று கடைக்காரர் கொடுப்பது உதவாது. மாட்டும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவாமல் காய்ந்தபடி மாட்டினால், முதல் கிலோமீட்டரிலேயே உதடு கருகிவிடும். ஸ்க்ரூ டிரைவர் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டினால் சீல் கோணலாக உட்காரும். சீலின் வெளிவிட்ட அளவுக்கு ஒரு பைப் துண்டோ மரக்கட்டையோ வைத்து ஒரே சீராக அடித்து இறக்க வேண்டும். சாவிக்கட்டைப் பள்ளத்தின் கூர் விளிம்பு உதட்டைக் கிழிக்காமல் இருக்க, ராட் முனையில் ஒரு சுற்று டேப் ஒட்டி நுழைத்துவிட்டு, பிறகு உரித்துவிடலாம்.

ஒரே பக்கம் திரும்பத் திரும்பக் கசிந்தால்…

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே பக்கத்துச் சீல் மட்டும் அடிக்கடி போனால், குற்றம் சீலில் இல்லை. ராட் நடுவில் சுற்றாமல் ஆடிச் சுற்றுகிறது என்று அர்த்தம். பேரிங் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும்.

பேரிங்கும் நன்றாக இருந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றம் செய்த ஜீப்புகளில் இது அதிகம். அகல ரிம், ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளும்போது, பேரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரம் கூடுகிறது. கடப்பாரையின் நுனியைப் பிடித்து நெம்புவதற்கும் நடுவில் பிடித்து நெம்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ரிம்மைத் திருப்பி மாட்டும் வழக்கமும் இதே தொல்லையைத் தரும். அதற்கு மேல் அளவுக்கு மீறிய ஆள், பாரம், குழியில் விழும் அடி.

இதைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கி, பாதுகாப்பான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இரண்டு டயரின் நடுப்பட்டையிலும் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளையும் முன்பக்கம், ஆக்சில் உயரத்துக்குக் கொண்டுவந்து இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு சக்கரங்களைச் சுற்றி, அதே புள்ளிகளைப் பின்பக்கம் அதே உயரத்துக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். குறிப்பிடும்படி வித்தியாசம் இருந்தால் ஹவுசிங் முன்னோக்கியோ பின்னோக்கியோ வளைந்திருக்கிறது. ஒரே புள்ளியை வைத்து அளப்பதால் டயரின் கோணல் கணக்கில் சேராது. மேல்கீழ் வளைவைப் பார்க்க, புள்ளிகளை உச்சியில் வைத்தும் அடியில் வைத்தும் இதேபோல அளக்கலாம். மேலே பாடி இடித்தால் குண்டுநூல் விட்டுப் பார்க்க வேண்டும். வளைந்த ஹவுசிங்கை நிமிர்த்துவதற்கு அனுபவமுள்ள பட்டறை தேவை. தள்ளிப்போட்டால் ராடே ஒரு நாள் முறியும். இந்த வகை ஆக்சிலில் ராட் முறிந்தால் சக்கரம் தனியே கழன்று ஓடும்.

முன் ஆக்சிலில் முட்டியின் உருண்டை வழியே கிரீஸோடு கலந்து இளகலாக எண்ணெய் வந்தால், குழாய் முனையில் உள்ள உள்சீல்தான் காரணம். உருண்டையில் துருப் பள்ளம் இருந்தால் வெளி ஃபெல்ட்டும் நிற்காது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் கசிந்தால் அது பினியன் சீல். ஸ்பிரிங்கை அதிகம் உயர்த்திய வண்டியில் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லைனரை வறுக்காதீர்கள்

எண்ணெய் ஊறிய பிரேக் லைனரைப் பெட்ரோலில் கழுவி, தீயில் வாட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது பல இடங்களில் வழக்கம். பார்க்கப் புதிதாக இருக்கும். லைனருக்குள் ஊறிய எண்ணெய் போகாது. முதல் நீண்ட இறக்கத்தில் டிரம் சூடானதும் வியர்வை போல வெளியே வந்து வழுக்கும். ஊறிய லைனரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டு பக்கமும் புதிது போட வேண்டும். பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கலாம் என்பதால், டிரம் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கசிவு இருப்பது மலைமேல் தெரிந்து, கீழே இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை வந்தால், ஆட்களையும் பாரத்தையும் இறக்கிவிட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து வர வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கம் நல்ல பிரேக் உள்ள வண்டிக்கே ஆகாது.

இன்னொரு விஷயம். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. டயர், ரிம் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

வேலை முடிந்த வண்டியை அன்றே லோடுக்கு அனுப்பாதீர்கள். ஐந்தாறு கிலோமீட்டர் வெறும் வண்டியாக ஓட்டிவிட்டு, நான்கு டிரம்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் தகித்தால் பேரிங்கோ பிரேக்கோ இறுகி இருக்கிறது. இரவு நிறுத்தும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே பழைய செய்தித்தாளை விரித்து, காலையில் எந்தத் தாளில் சொட்டு விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, ஓடை கடந்த பிறகு ஒருமுறை, நிரப்பும் ஓட்டைக்குள் விரல் விட்டு எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.